நாகமலையின் முதுகில்

பிப்ரவரி 7, 2025, வெள்ளி: கீழக்குயில்குடி

திண்டுக்கல்லைத் தாண்டியதிலிருந்து பஸ் நகரவே இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை தைப்பூசம். எதிர்த்திசையில் பழனிக்கு நடப்பவர்கள் சாரைசாரையாக வந்துகொண்டிருந்தார்கள். பச்சை வேட்டி, தோளில் பை, சிலர் கையில் வேல், பலர் காலில் செருப்பு இல்லை. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி சாலையில் ஒரு பக்கத்தை நடப்பவர்களுக்கு விட்டிருந்தார்கள். மதுரை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். அந்தக் கால்களைப் பார்த்தபிறகு தாமதத்தைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை.

நாங்கள் ஐந்து பேர். மதுரையில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் டீச்சரக்கா, உசிலம்பட்டிக்காரன், பாறை ஏறிப் பழகிய கோவை நண்பர், சென்னையிலிருந்து வந்த தம்பி, அப்புறம் திருச்சியிலிருந்து நான். நாளைக்கு மதுரைக்கு மேற்கே நீளும் நாகமலையின் முகட்டில் ஏறி, முதுகோடு நடந்து, வடக்கே வைகைப் பக்கம் இறங்குவதாகத் திட்டம். அதற்கு முன்னால் இன்று மாலை சமணர் மலையில் கொஞ்சம் கால் பழக்கிக்கொள்ளலாம் என்றார் அக்கா.

கீழக்குயில்குடியில் இறங்கியதும் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். ஆலமர நிழலில் பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "மேல போறீகளா? செட்டிப்புடவைப் பாத்துட்டுப் பேச்சிப்பள்ளத்துக்குப் போங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கிருங்க" என்று கேட்காமலே வழி சொன்னார் ஒருவர். சீட்டிலிருந்து கண் எடுக்கவில்லை, ஆனால் நாங்கள் தப்பான பக்கம் திரும்பியதும் குரல் கொடுத்தார்.

செட்டிப்புடவுக் குகையின் வாசலிலேயே, சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய உருவம். உள்ளே குனிந்து போனால் குகையின் மேல்வளைவில் வரிசையாகச் சிற்பங்கள். சிங்கத்தின் மேல் உட்கார்ந்து, யானைமேல் வருபவனோடு போரிடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கையளவு இடத்தில் அவ்வளவு வேகம். பேச்சிப்பள்ளத்தில் பாறையோரமாக நிற்கும் உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வாசகங்கள். 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் இருப்பதாக அக்கா சொன்னார். அரசன் பெயரைவிட, யாரோ ஓர் ஊர்க்காரர் தன் பெயரைக் கல்லில் விட்டுப்போனது எனக்குப் பெரிதாகப் பட்டது.

உச்சியில், பாறைமேல் பழைய சமணப் பள்ளியின் அடித்தளமும் தீபத்தூணும் இருக்கின்றன. அங்கிருந்துதான் நாளைய வேலையை முழுதாகப் பார்த்தோம். மேற்கே பார்வை போகும்வரை நாகமலை. நடுநடுவே பல் பல்லாகப் பாறை. கோவை நண்பர் பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துல கை போட்டுத்தான் ஏறணும். ஒரு இடத்துல கயிறு வேணும்" என்றார்.

மதுரையை அழிக்கச் சமணர்கள் யானையையும் நாகத்தையும் பசுவையும் ஏவினார்கள், சொக்கநாதர் அவற்றை மலையாக்கினார் என்கிறது திருவிளையாடல். யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் அப்படி வந்தவையாம். கதை அப்படி இருக்க, பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் தலைக்குமேல் நாகம் படம் விரித்துக் காவல் நிற்கிறது. இந்த வட்டாரத்தின் குன்றுகளில் எத்தனையோ இடத்தில் சமணர் படுக்கைகள். தோற்றவர்கள் சொன்ன கதையும் நம்மிடம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரவு மதுரையில் கறிதோசை. கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மட்டன் சுக்கா, திருப்பிப் போட்டு எடுத்தது. 180 ரூபாய். பரிமாறியவர் நாங்கள் மலை ஏறப்போவதைக் கேட்டுவிட்டு, "ராத்திரி ஒண்ணோட நிப்பாட்டுங்கண்ணே, காலைல மூச்சு வாங்கும்" என்று இரண்டாவது தோசையைத் தர மறுத்தார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லும் ஊர்.

பிப்ரவரி 8, சனி: நாகமலை

விடிவதற்கு முன்பே எழுந்தாயிற்று. தெருமுனையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால், டம்ளர் 20 ரூபாய். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும்போதே உடம்பு விழித்துக்கொண்டது. நாகமலைப் புதுக்கோட்டையில் இட்லி சாப்பிட்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம்.

அனுமதியை உசிலம்பட்டிக்காரன் ஏற்கெனவே வாங்கியிருந்தான். வனத்துறையிலிருந்து காவலர் ஒருவர் கூட வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, தோளில் துண்டு, கையில் கம்பு. முதல் வேலையாக எங்கள் பைகளைப் பார்த்து லைட்டரும் தீப்பெட்டியும் இருந்தால் கொடுக்கச் சொன்னார். சென்னைத் தம்பி டீ போட்டுக் குடிக்கலாம் என்று கொண்டுவந்த சின்ன ஸ்டவ் கீழேயே தங்கிவிட்டது. "குரங்கணி ஞாபகம் இருக்குல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். 2018 மார்ச் 11. தேனிக்கு அந்தப் பக்கம், மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காய்ந்த புல் முழங்கால் உயரம் நிற்கும் சரிவில் நின்று இதைக் கேட்டால் யாருக்கும் மறு பேச்சு வராது.

ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அடிவாரத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. செடியெல்லாம் பனி, ஐந்து நிமிடத்தில் பேன்ட் முழங்கால்வரை நனைந்துவிட்டது. எங்கேயோ மயில் அகவியது. வெப்பாலையும் விராலியும் முட்களும் கலந்த புதருக்குள் ஆட்டுத்தடம் ஒன்று போகிறது. அதைப் பிடித்து அரை மணி ஏறினால் புதர் விலகி, பாறை தொடங்குகிறது.

இங்கிருந்து நடை என்பது கையும் காலும் சேர்ந்த வேலை. கோவை நண்பர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: இரண்டு கை, இரண்டு கால், இதில் மூன்று எப்போதும் கல்லில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். பிடிக்குமுன் கல்லை உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் அது உள்ளே விட்டுப்போன கல், அதை நம்பக்கூடாது. ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. கல் உருண்டால் "கல்லு!" என்று கத்த வேண்டும். செடியைப் பிடித்து ஏறக்கூடாது. காவலர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "இடுக்குல கை விடுறதுக்கு முன்னாடி கம்பால ரெண்டு தட்டு. உள்ள தேளு, பாம்பு எது இருந்தாலும் அதுக்கும் ஒரு சேதி சொல்லணும்ல."

யானைமலை தூரத்திலிருந்து பார்த்தாலே ஒரே கல்லாகத் தெரியும், வழுவழுவென்று. நாங்கள் ஏறிய பக்கம் நாகமலை அப்படி இல்லை. அடுக்கடுக்காக உடைந்து, சரிந்து, காரை பெயர்ந்த பழைய மதில்சுவர் போல நிற்கிறது. பிடி நிறையக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு பிடியும் சந்தேகத்துக்குரியது. முகட்டின் அகலம் சில இடத்தில் பாய் விரிக்கும் அளவு, சில இடத்தில் இரண்டு பாதம் சேர்த்து வைக்கும் அளவுதான். வலப்பக்கம் வைகை, இடப்பக்கம் தேனி ரோடு.

நண்பர் நேற்றுப் பார்த்து வைத்திருந்த முதல் இடம் ஏழரை மணிக்கு வந்தது. இரண்டு ஆள் உயரப் பாறை, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. கம்பால் தட்டிவிட்டு வலக்கையை உள்ளே விட்டேன். வெளியே கல் இளஞ்சூடு, உள்ளே கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி. விரலை மடக்கி முட்டியாக்கி இறுக்கினால் கை அப்படியே பூட்டிக்கொள்கிறது. முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், கல்லின்மேல் சாம்பலும் ஆரஞ்சும் கலந்த பாசிப்படலம் வட்டம் வட்டமாக ஒட்டியிருந்தது. அதன் விளிம்பில் எறும்புகள் வரிசையாகப் போய், என் கட்டைவிரல் வந்ததும் நின்று, சுற்றிக்கொண்டு போயின. ஓர் ஓணான் மேல்விளிம்பிலிருந்து தலையை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. மலையை இவ்வளவு பக்கத்தில் பார்க்க நேர்வது இப்படி ஏறும்போதுதான். நடக்கும்போது நாம் பார்ப்பது வழியை மட்டும்.

மேலே ஏறியதும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். வடக்கே வைகை, மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் கோடுகோடாக. அதற்கு அப்பால் சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகள், அதற்கும் அப்பால் நீலமாகச் சிறுமலை. தெற்கே பல்கலைக்கழகக் கட்டடங்கள், நேற்று ஏறிய சமணர் மலை. கிழக்கே பசுமலை, திருப்பரங்குன்றம், பனிப்புகைக்குள் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள். தெற்குக் கோபுரம் 170 அடி உயரம். இங்கிருந்து பார்த்தால் சுண்டுவிரல் நகம்கூட இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்த அக்கா, "தினமும் பஸ்ஸில் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். இங்கிருந்து ஊரைப் பார்க்கணும்னு ஒருநாளும் தோணல" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒன்பது மணி வாக்கில் சென்னைத் தம்பியின் ஷூ அடிப்பாகம் பிளந்தது. முன்பக்கம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு, குதிகாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலோடு முகட்டில் ஓர் அடி வைக்க முடியாது. கையில் இருந்த ஒட்டுநாடா பாறைத்தூசியில் ஒட்டவில்லை. கோவை நண்பரின் கயிற்றை வெட்டவும் முடியாது, அது உயிர்க்கயிறு.

அப்போது தெற்குச் சரிவிலிருந்து ஆடுகள் ஏறி வந்தன. பின்னால் ஒருவர், லுங்கி, தலையில் துண்டு, காலில் டயர் செருப்பு. ஷூவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, அரிவாளால் இரண்டு முழம் அறுத்து, தம்பியின் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக் கட்ட ஆரம்பித்தார். தம்பி கூச்சத்தில் காலை இழுத்தான். "அசையாம இருப்பா, ஆட்டுக்குட்டிகூட இப்படித் துள்ளாது" என்றார். பாதத்தின் குறுக்கே ஒரு சுற்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, முடிச்சு மேல்பக்கம், பாறையில் உரசாத மாதிரி. பணம் நீட்டியபோது முகம் மாறிவிட்டது. "கயித்துக்குக் காசு வாங்கவா மலைல நிக்கிறேன்?" கடலைமிட்டாய் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டார், பேத்திக்கென்று மடியில் கட்டிக்கொண்டார். போகும்போது காவலரிடம், "பத்தரைக்கு மேல கல்லுல கை வைக்க முடியாதுண்ணே. பிள்ளைகளக் கூட்டிட்டு வெரசா அங்கிட்டு இறங்கிருங்க" என்றார்.

கயிறு தேவைப்பட்ட இடம் அதற்கு அடுத்தது. ஏற்றம் இல்லை, குறுக்கே கடப்பது. சரிந்த பலகைப்பாறை, அதன் கீழ்விளிம்புக்கு அப்பால் வெறும் காற்று. நண்பர் முதலில் கடந்து, அந்தப்பக்கத்துப் பாறையில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொருவராக இடுப்பில் மாட்டிக்கொண்டு போனோம். காவலர் மட்டும் வெறுங்காலோடு, கயிற்றைத் தொடாமல், பையோடு நடந்து வந்தார். கால்விரல்கள் விரிந்து கல்லைப் பிடித்ததைப் பார்த்தேன். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய எந்தக் காலணியும் அந்தப் பிடிக்கு ஈடாகாது.

ஆட்டுக்காரர் சொன்னது சரி. பத்தரை மணிக்குக் காற்று நின்றது. பதினொன்றுக்குக் கல் கொதித்தது, உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டியிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே இப்படி. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் மிச்சம். முகட்டை அங்கேயே விட்டுவிட்டு வடக்குச் சரிவில் உசிலை மரங்கள் நின்ற ஓர் இடத்துக்கு இறங்கிச் சாப்பிட்டோம். அக்கா கட்டிக்கொண்டுவந்த புளியோதரை, தேங்காய்த் துவையல், அவித்த முட்டை. காவலர் தூக்குவாளியில் கம்மங்கஞ்சி கொண்டுவந்திருந்தார், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். எங்களுக்கு அது வேண்டும், அவருக்குப் புளியோதரை வேண்டும். மூடியில் ஊற்றி மாற்றிக்கொண்டோம். உப்பும் புளிப்புமாக அந்தக் கஞ்சி உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றது. உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்க அரப்பு, அம்மா இன்னும் அதுதான் தேய்ப்பார் என்று கிளையை வளைத்துக் காட்டினான் உசிலம்பட்டிக்காரன்.

ஏறியதைவிட இறங்கியது கடினம். பாறையைப் பார்த்தபடி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, காலால் தடவித் தடவி இறங்க வேண்டும். ஓரிடத்தில் காய்ந்த புல்லில் வழுக்கிய அக்கா கைக்கு அகப்பட்ட சதுரக்கள்ளியைப் பிடித்துவிட்டார். முள் குத்தியது பெரிதில்லை, ஒடிந்த தண்டிலிருந்து பால் உள்ளங்கை முழுக்க வழிந்தது. வியர்வையைத் துடைக்க அவர் கை கண்ணை நோக்கிப் போன நொடியில் காவலர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கண்ணுல பட்டா அவ்வளவுதான்மா, தொடாதீங்க!" மிச்சமிருந்த தண்ணீரில் பாதியை அந்தக் கையில் ஊற்றி, தன் துண்டால் துடைத்து, மறுபடி ஊற்றினார். அதுவரை அவரைச் 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, அதன்பிறகு 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்.

நாகமலை அடிவாரத்தில் புல்லூத்து, நாகதீர்த்தம் என்று ஊற்றுகள் உண்டு. கீழே ஊற்றுத்தண்ணீர் விழும் இடத்தை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் கோலத்தைப் பார்த்து, எதுவும் கேட்காமல் எழுந்து இடம் விட்டார்கள். உடையோடு போய்த் தலையைக் கொடுத்தேன். முழங்கை, முழங்கால், விரல்முட்டி என்று எங்கெல்லாம் தோல் போயிருக்கிறது என்று தண்ணீர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

மேலக்கால் ரோட்டில் பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினோம். ஏறியதும் ஒரு பாட்டி தம்பியின் கயிறு கட்டிய காலைப் பார்த்துவிட்டு, தன் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவனை உட்கார வைத்தார். கூடையிலிருந்து ஒரு கொய்யாவும் கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு: அரிட்டாபட்டி

படி இறங்கும்போது தொடை ஒத்துழைக்கவில்லை. யாரும் மலை பேச்சையே எடுக்கவில்லை, ஆனால் அரிட்டாபட்டியைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. மேலூர் ரோட்டில் போகும்போது இடப்பக்கம் யானைமலை முழு நீளத்துக்குப் படுத்திருந்தது. 2010இல் அதைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு நின்று தடுத்தார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

அரிட்டாபட்டி மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில். ஏழு குன்றுகள், நிறையக் கண்மாய்கள், சுனைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193.42 ஹெக்டேர். லகர் வல்லூறும் ராசாளியும் கூடு கட்டும் பாறைகள். இன்று எங்களுக்குத் தெரிந்தது உயரத்தில் வட்டமிட்ட ஒரு பறவை மட்டும், எது என்று சொல்ல முடியாத தூரம். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் உருவம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வம். குகைத்தளத்தில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் கல்வெட்டு. ஒரே நடையில் ஆயிரம், இரண்டாயிரம் வருடம் தாண்டிப் போகிறோம்.

ஊருக்குள் முகம் முகமாகச் சந்தோஷம். காரணம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பகுதியில் 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலம் விட்டிருந்தது. அதை எதிர்த்து ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. டீக்கடைப் பெஞ்சில் எங்களுக்கு இடம் கொடுத்த விவசாயி, கேட்காமலே டீக்குக் காசு கொடுத்துவிட்டார். "நானும் நடந்தேன். எங்க ஆத்தா, எழுவத்தஞ்சு வயசு, அதுவும் நடந்துச்சு" என்றார். மலையில் விழும் மழைதான் சுனைக்கு, சுனை நிறைந்தால் கண்மாய்க்கு, கண்மாய்தான் நெல்லுக்கு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "மலைய வெட்டுனா கல்லு மட்டுமா போகும்?"

அவர் சும்மா சொல்லவில்லை. மேலூர் வட்டாரத்தில் கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளைக் கட்டம் கட்டமாக அறுத்து எடுத்த குழிகளைப் போன தடவை வந்தபோது பார்த்திருக்கிறேன். 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம், அந்த முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். பணத்துக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. நேற்று நான் கை நுழைத்த மாதிரி ஒரு வெடிப்பு, அந்தப் பாசி, அந்த எறும்பு வரிசை, மழையைப் பிடித்து வைத்திருந்த சுனை, இவை போனதற்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. நாகமலையும் சமணர் மலையும் யானைமலையும் இன்றைக்கு நாம் ஏறும்படி நிற்கின்றன என்றால், கீழே இருக்கிறவர்கள் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதால்தான். இதை எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: வனத்துறையிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். விடியுமுன் ஏறி, வெயிலுக்கு முன் இறங்குங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் போதாது, நான்காவது கொண்டுபோங்கள். நெருப்பு எதுவும் வேண்டாம். மார்ச் வந்துவிட்டால் புல் இன்னும் காயும், அப்போது போகவே வேண்டாம். முகட்டின் மேற்குப் பாதி எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழை நின்று பாறை காய்ந்தபிறகு, தை மாதத்தில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார் காவலர். கோவை நண்பர் நீளமான கயிறாக ஒன்று வாங்குவதாகச் சொன்னார். கம்மங்கஞ்சி என் பொறுப்பு.